இறக்கத்தில் கிளட்சைத் தொடாதீர்கள்

கேள்வி: நான்கு கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் செங்குத்தான இறக்கம், அதன் அடியில் ஓடை. என்னுடையது பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, மேனுவல் கியர், பிரேக் போடும்போது சக்கரம் நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. போன முறை இறக்கத்தில் பிரேக் போட்டதும் பக்கவாட்டில் சறுக்கியது. எங்கே தவறு?

பதில்: பிரேக்கில்தான். சரளை மண்ணில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. உருளாத சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. அதனால் உச்சியிலேயே வண்டியை முழுக்க நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுழலும் நிலைக்கு மாற்றுங்கள். பிறகு முதல் கியர். கிளட்சிலிருந்து இடது காலை எடுத்துத் தரையில் ஊன்றிவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நடைவேகத்தில் இறக்கும். பயத்தில் கிளட்சை மிதித்தீர்களோ, அந்தப் பிடி போய்விடும். வண்டி தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கும். இவ்வளவுக்குப் பிறகும் பின்பக்கம் ஒதுங்கினால், பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். அந்த நேரத்தில் கால் பிரேக்கைத்தான் தேடும். ஆனால் சக்கரம் மறுபடி உருண்டால்தான் வண்டி நேராகும்.

கேள்வி: இவ்வளவு சிறிய தூரத்துக்கு டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ வைப்பவர் இங்கே 24, 25 வைக்கலாம். டயரின் அடி நீளமாகப் பதியும், கூர்கல்லுக்கு வளைந்து கொடுக்கும். 15-க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். தார்ச்சாலை ஏறுமுன் நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும். எனவே கம்ப்ரஸரும் காற்றளவு மானியும் கையில் இல்லையென்றால் காற்றை இறக்காதீர்கள்.

கேள்வி: ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டால்?

பதில்: சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்னொரு வண்டியால் வெளியே இழுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்ட வேண்டாம். இழுவையில் அது முறிந்தால் குண்டுபோலப் பறந்து ஆளையே கொல்லும். சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். இறங்குமுன் ஓடையைக் கழியால் ஊன்றி நடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, நீரோட்டம் காலை இழுத்தாலோ திரும்பிவிடுங்கள்.