நிலவறைத் தரையைத் தாழ்த்தினால் செலவு எங்கே ஏறும்?

கேள்வி: இரு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது. நிலவறையில் தரையிலிருந்து கூரைவரை 1.9 மீட்டர்தான். அதை 2.4 மீட்டராக்க விரும்புகிறோம். வீடு 5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். மூன்று ஒப்பந்தக்காரர்களைக் கேட்டோம். ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப்போல் இரண்டரை மடங்கு இருக்கிறது. யாரை நம்புவது?

பதில்: மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். தரையின் பரப்பளவை மட்டும் அளந்து சொன்ன விலையை ஒதுக்கிவிடலாம். இந்த வேலையின் செலவு தரையில் இல்லை, சுவருக்கு அடியில் இருக்கிறது.

விலை கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு சுவரோரமும் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு குழி தோண்டி, அஸ்திவாரம் எந்த ஆழத்தில் முடிகிறது, அதன் கீழே களிமண்ணா மணலா, நீர் ஊறுகிறதா என்று பாருங்கள். நான்கு குழிகளுக்கு ஒருநாள் கூலிதான் ஆகும். அந்த அளவுகளைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்து வரைபடம் வாங்கி, அதே வரைபடத்துக்கு மூவரிடமும் மறுபடி விலை கேளுங்கள். வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும்.

மண் கணக்கு இது. தரையை 50 செ.மீ. இறக்க 50 செ.மீ. தோண்டினால் போதாது. புதுத் தளக் கான்கிரீட் 10, வெப்பத்தடுப்புப் பலகை 5, ஜல்லி 15 என மேலும் 30 செ.மீ. வேண்டும். ஆக, பழைய தரை மட்டத்திலிருந்து 80 செ.மீ. இறங்க வேண்டும். பழைய தளம் 10 செ.மீ. கனம் என்றால் உடைத்த கான்கிரீட் 5 கன மீட்டர், மண் 35 கன மீட்டர். தோண்டிய மண் பொலபொலத்து ஏறக்குறைய 30 சதவீதம் கூடும், கான்கிரீட் துண்டுகள் ஒன்றரை மடங்காகும். லாரியில் ஏறுவது சுமார் 53 கன மீட்டர், எடை ஏறக்குறைய 75 டன். ஒட்டிய வீட்டில் பக்கவாட்டில் வழி இல்லாததால் இத்தனையும் முன்கதவு அல்லது ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 20 லிட்டர் வாளியில் அள்ளினால் 2,600 வாளிக்கு மேல். ஜன்னல் வழியே கன்வேயர் பெல்ட் வைக்க இடமிருந்தால் கூலி வெகுவாக இறங்கும். விலைப்பட்டியலில் ‘மண் அகற்றுதல்’ என்று மட்டும் இருந்தால், லாரிக் கணக்கும் கொட்டும் கட்டணமும் அதற்குள் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது அண்டர்பின்னிங். அஸ்திவாரத்தின் அடி மட்டத்துக்குக் கீழே தோண்டும் இடமெல்லாம் சுவருக்கு அடியில் புதிதாகக் கான்கிரீட் கொடுத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் சுவர் நீளம் மொத்தம் 30 மீட்டர். ஒரு மீட்டர் அகலத் துண்டுகளாகப் பிரித்தால் 30 துண்டு. எந்த நேரத்திலும் சுவரின் கால் பங்குக்கு மேல் அடியில் பிடிமானம் இல்லாமல் நிற்கக் கூடாது. அதனால் 1, 5, 9 என்று நான்கில் ஒன்றாக எடுத்து நான்கு சுற்றில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தோண்டி, பழைய அஸ்திவாரத்தின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதற்கு 5 முதல் 7.5 செ.மீ. கீழே நிற்கும்படி கான்கிரீட் போட வேண்டும். மறுநாள் அந்த இடைவெளியில் சிமெண்ட் 1, மணல் 3 என்ற உலர்கலவையைக் கட்டையால் அடித்துத் திணிக்க வேண்டும். கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அது இறுகிய பிறகே, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்து, அடுத்த துண்டைத் திறக்கலாம். குறைந்த விலை சொன்னவர் நாட்களை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் இங்கேதான். உலர்கலவை சரியாகத் திணிக்காவிட்டால் சுவர் அந்த இடைவெளிக்குள் சில மில்லிமீட்டர் இறங்கும். விரிசல் உங்கள் வீட்டோடு நிற்காது.

நடுவில் தூண்கள் இருந்தால் தற்காலிக முட்டு, புது அடித்தளம், நீளமான தூண் எல்லாம் தனிச்செலவு. இவற்றுக்கெல்லாம் மேல், ஒப்பந்தத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் கையில் ஒதுக்காமல் தொடங்காதீர்கள். தொகையை வேலை முடியும் கட்டத்துக்கு ஏற்பத் தவணையாகக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தச் சுற்றுக்கான பணம்.

கேள்வி: பக்கத்து வீட்டாரைக் கேட்காமல், பொதுச்சுவருக்கு எங்கள் பக்கம் மட்டும் கான்கிரீட் கொடுக்க முடியுமா?

பதில்: கூடாது. பொதுச்சுவரின் பாரம் அதன் முழு அகலத்திலும் இறங்குகிறது. பாதி அகலத்துக்கு மட்டும் அடி கொடுத்தால் சுவர் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். முழு அகலத்துக்கும் கொடுத்தால் கான்கிரீட் அவர்கள் நிலத்துக்கு அடியில் போகிறது. எழுத்துபூர்வமான சம்மதம், உள்ளாட்சி அனுமதி, ஒப்பந்தக்காரரின் காப்பீடு மூன்றும் வேலைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சுவர்களையும் கூரையையும் தேதியோடு படமெடுத்து இரு தரப்பும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய விரிசல்களின்மேல் அளவுக்கோல் ஒட்டி வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறியது. இது இல்லாமல் வரும் தகராறு பெரியது.

கேள்வி: சுவரைத் தொடாமல் ஓரத்தில் மேடை விட்டு நடுவில் மட்டும் இறக்கினால் மலிவு என்கிறார்களே?

பதில்: மலிவுதான். அஸ்திவாரத்துக்குக் கீழே உள்ள மண்ணை அப்படியே விட்டு, அதைத் திண்ணைபோல் கான்கிரீட்டால் மூடும் முறை அது. ஆனால் இடம் போகும். மேலே சொன்ன வீட்டில் அஸ்திவாரம் பழைய தரைக்கு 20 செ.மீ. கீழே முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்டுவது 80 என்பதால் அதற்கும் கீழே 60 செ.மீ. போகிறோம். திண்ணையும் குறைந்தது 60 அகலம் வேண்டும். அஸ்திவாரம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் 15 செ.மீ. சேர்த்தால் ஒவ்வொரு சுவரிலும் 75 போய்விடும். 50 சதுர மீட்டரில் தாழ்ந்த தரை 30 சதுர மீட்டர்கூடத் தேறாது. மணல் மண்ணானால் இன்னும் குறையும். சலவை இயந்திரம், அலமாரிகளைத் திண்ணைமேல் வைத்துக்கொள்ள முடியும் என்றால் யோசிக்கலாம். பக்கத்து வீட்டார் சம்மதிக்காத பொதுச்சுவரில் மட்டும் திண்ணை, முன்பின் சுவர்களில் அண்டர்பின்னிங் என்றும் கலந்து செய்யலாம். பொறியாளர் வரைபடம் இதற்கும் வேண்டும்.

கேள்வி: விலைப்பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது எது?

பதில்: கழிவுநீர்க் குழாயும் படிக்கட்டும். தெருவுக்குப் போகும் குழாய் புதுத் தரையைவிட உயரத்தில் இருந்தால் கழிவுநீர் தானாக ஓடாது. தொட்டியும் மேலேற்றும் பம்பும் தேவை. அதனால் குழாயின் ஆழத்தை முதல்நாளே அளந்துவிடுங்கள். 50 செ.மீ. இறக்கத்துக்குப் படிக்கட்டில் மூன்று படிகள் கூடும். படிக்கு 25 செ.மீ. என்றால் கீழே 75 செ.மீ. கூடுதல் நீளம் வேண்டும். அந்த இடத்தில் தூணோ கொதிகலனோ இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.