தாத்தா காலத்து லீவர் ரைபிளைப் பெரிய தோட்டாவுக்கு மாற்றலாமா? கேள்வி பதில்

உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருக்கும் கொங்கு நாட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும். லீவர் ரைபிள் என்பது விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைப் போடும் துப்பாக்கி. 30-30, 45-70, 38-55 எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: அண்ணா, தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய வின்செஸ்டர் 94 மாடல் லீவர் ரைபிள் இருக்குதுங்க. 30-30 தோட்டா கிடைக்கவே மாட்டேங்குது. குறைந்த செலவில் 45-70க்கு மாற்ற முடியுமா? அமெரிக்காவில் நிறையப் பேர் செய்கிறார்களாமே.

செய்கிறார்கள்தான், ஆனால் 94இல் அல்ல. தோட்டா பெரிதானால் பேரலை, அதாவது குழலை மட்டும் மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். 30-30இன் அடி விளிம்பு சுமார் அரை அங்குலம், 45-70க்கு 0.6 அங்குலத்துக்கும் மேல். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகம், வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், தோட்டாவைத் தூக்கித் தரும் கேரியர், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கீழ்க்குழாய் மேகசின் எல்லாமே அந்த அளவுக்கு மாற வேண்டும். 94இன் மெலிந்த உடம்பில் அதற்கு இடம் கிடையாது. ஜான் பிரௌனிங் 45-70 போன்ற நீளத் தோட்டாக்களுக்கென்றே 1886 மாடலைத் தனியாக வடிவமைத்தார். 94 அதைவிட ஒல்லியான தோட்டாவுக்குப் பிறந்தது.

அங்கே சுலபமாக நடக்கும் மாற்றம் வேறு. 30-30 தோட்டாவே பழைய 38-55இலிருந்து வந்தது. இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். அதனால் இருக்கும் பேரலையே அகலமாகக் குடைந்து உள்ளே புதிதாகச் சுழல் வரிகள் (ரைஃப்ளிங்) போட்டு, தோட்டா உட்காரும் சேம்பரையும் திருத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் 38-55 தோட்டாவுக்கு நீங்கள் பொள்ளாச்சியில் எங்கே போவீர்கள்? 30-30க்குப் படும் அதே பாடுதான்.

அந்தியூரிலிருந்து: 45-70 பழைய கருமருந்துத் தோட்டாதானே, அழுத்தம் குறைவுதானே? அப்புறம் ஏன் பலம் போதாது என்கிறார்கள்?

நல்ல கேள்வி. 45-70 வந்தது 1873இல், அமெரிக்க ராணுவத்துக்காக. இன்றைக்கும் அதன் உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றுதான் நிர்ணயித்திருக்கிறார்கள், 30-30க்கு 42,000. ஆனால் போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை என்பது அழுத்தத்தைத் தோட்டாவின் அடிப் பரப்பால் பெருக்கி வருவது. 45-70இன் அடிப் பரப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல். ஆகவே மிதமான மருந்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ‘பெரிய துவாரம் உள்ள பேரல்தானே, இன்னும் கொஞ்சம் மருந்து தாங்கும்’ என்று ஏற்றும்போதுதான் வினை வருகிறது. பெரிய தோட்டாவுக்காகக் குடைந்த சேம்பரைச் சுற்றியுள்ள இரும்பும் மெலிந்திருக்கும். முகத்துக்கு அரை அடி தூரத்தில் நடக்கிற விஷயம் இது.

மார்லின் என்ற இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி தன் 336 மாடலின் அடிப்படையில் 1964இல் 444 என்ற தோட்டாவுக்கான ரைபிளையும், 1972இல் 45-70க்கான 1895 மாடலையும் கொண்டுவந்தது உண்மை. அது தொழிற்சாலையே கணக்குப் போட்டு, சோதித்து விற்றது. பட்டறையில் ஒருவர் செய்வதை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

கணபதியிலிருந்து: எங்க பட்டறையில் சிஎன்சி லேத்தே இருக்குதுங்ணா. பம்புசெட் ஷாஃப்ட் மைக்ரான் அளவில் ஓட்டுறோம். ஒரு பேரல் கடைந்து தர முடியாதா?

தம்பி, உன் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதைத் தொடாதே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். ‘மாமாவோட துப்பாக்கி, உரிமம் அவருக்கு இருக்கு’ என்பதெல்லாம் உன்னைக் காப்பாற்றாது. வைத்திருக்கும் உரிமம் வேறு, வேலை செய்யும் உரிமம் வேறு. பட்டறையும் போகும், அப்பாவின் பெயரும் போகும்.

கோபியிலிருந்து: வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொண்டால் செலவு குறையுமே?

தோட்டா தயாரிப்பும் அதே 5ஆவது பிரிவுக்குள்தான் வரும். வேண்டாம்.

தொண்டாமுத்தூரிலிருந்து: பன்றி கரும்பையும் வாழையையும் அழிக்குது. பெரிய தோட்டா இருந்தால் ஒரே அடியில் விழுமே?

உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறதுங்க. ஆனால் சுடும் வேலை விவசாயிக்கு விடப்படவில்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். சேதத்தைப் போட்டோ எடுத்து, விஏஓவிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தாகக் கொடுங்கள். துப்பாக்கியை இதற்குள் கொண்டுவராதீர்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு சகோதரி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் பெயரில் ஒரு பழைய லீவர் ரைபிள் இருக்கிறது. என்ன செய்வதென்றே தெரியவில்லை அண்ணா.

முதலில் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கம்மா. உரிமம் அப்பா பெயரில் இருந்ததால் இனி அது வீட்டில் இருப்பதே சிக்கல். அப்புறம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்பாவின் உரிமப் புத்தகம் இவற்றோடு விண்ணப்பியுங்கள். 2016 ஆயுத விதிகளில் குடும்பத் துப்பாக்கி வாரிசுக்குப் போக வழி இருக்கிறது. யாராவது ‘வேறு தோட்டாவுக்கு மாற்றினால் நல்ல விலை போகும்’ என்றால் கேட்காதீர்கள். பழைய வின்செஸ்டருக்கு மதிப்பே அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருப்பதால்தான். பாலிஷ்கூடப் போட வேண்டாம்.

மறுபடியும் பொள்ளாச்சி நண்பர்: அப்போ எனக்கு வழியே இல்லைங்களா?

இருக்குதுங்க. சுடத்தான் வேண்டுமென்றால், நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகளே துப்பாக்கியும் தோட்டாவும் தருகிற 315 அல்லது 22 வகை ரைபிளுக்குப் போங்கள். உரிமத்தில் இரண்டு துப்பாக்கி வரை வைக்கலாம், தாத்தாவுடையதையும் சேர்த்து. மாற்றத்துக்கு ஒதுக்கிய பணம் தோட்டாவுக்கும் ரைபிள் கிளப் சந்தாவுக்கும் போகட்டும். 94ஐ மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, பேரலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு, காய்ந்த இடத்தில் பூட்டி வையுங்கள். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைத்துவிடும்.