சுருக்கா, துவக்கா, கூட்டுக் கதவா?

கேள்வி: தலவத்துகொடையில் சதுப்பு நிலத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்வளவில் 14 கோழி வளர்த்தோம். ஒரு மாதத்துக்குள் 6 போய்விட்டன. அதில் 4 ஒரே இரவில். இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, மற்ற இரண்டும் கழுத்தில் கடிபட்டு அப்படியே கிடந்தன. வவுனியாவிலிருந்து வந்து நிற்கும் பெரியப்பா, ஒரு சுருக்கு வைத்தால் இரண்டு நாளில் காரியம் முடிந்துவிடும் என்கிறார். தம்பி கனடாவில், அல்பர்ட்டாவில் இருக்கிறான், வேட்டைக்குப் போகிறவன். அங்கே கயோட்டி என்கிற நரி மாதிரி மிருகத்தைச் சுடுவது சரி என்று அவன் சொல்ல, கூடப் போகிற நண்பரோ 'தின்னாத உயிரைச் சுடாதே' என்று அவனோடு சண்டையாம். என் 12 வயது மகள், எதையாவது கொன்றால் இனி முட்டையே தொடமாட்டேன் என்று நிற்கிறாள். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்? (ச., தலவத்துகொட)

பதில்: அன்புள்ள ச., பெரியப்பா சுருக்கை வைத்துவிட்டாரா, வைக்கப்போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்துவிட்டார் என்றால், வாசிப்பதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் அதைக் கழற்றுங்கள்.

சுருக்குக்கு ஆள் தெரியாது. பன்றிக்கு வைக்கிற சுருக்கு பெரும்பாலும் மோட்டார்சைக்கிள் பிறேக் கம்பிதான். வளையத்துக்குள் தலை மட்டும் போனால் கழுத்தை இறுக்கும். முன்னங்காலும் சேர்ந்து நுழைந்துவிட்டால் இடுப்பைப் பிடிக்கும். இடுப்பில் மாட்டிய மிருகம் திமிறத் திமிறக் கம்பி உள்ளே போகும். பிறகு அறுத்துவிட்டாலும் வயிற்றுக்குள் சிதைந்தது சிதைந்ததுதான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் கழுத்து அகப்பட்ட கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே செத்தது. மலைநாட்டில் சிறுத்தைகள் மாட்டுகிற சுருக்குகளில் அநேகம் பன்றிக்கென்று வைத்தவை. உங்கள் வளவில் என்றால் அடுத்த வீட்டு நாய் மாட்டும், அல்லது பந்தெடுக்க மதில் ஏறிக் குதிக்கிற பிள்ளையின் கால் மாட்டும். சட்டமும் இருக்கிறது: உங்கள் பக்கத்துச் சதுப்பில் உலாவுகிற மீன்பிடிப் பூனை, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 'என் காணி, என் கோழி' என்பது சுருக்கு வைக்க அனுமதி ஆகாது. நஞ்சு கலந்த இறைச்சி, மின்கம்பி என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதற்கும் இதே பதில்தான்.

இனி, யார் கள்ளன்? இது தெரியாமல் பெரியப்பாவும் தம்பியும் வாதாடி என்ன பயன்!

நான்கைக் கொன்று இரண்டை விட்டுப் போனதைப் பார்த்தால் வெறிபிடித்த மிருகம் என்றுதான் தோன்றும். காரணம் வேறு. வெளியில் ஒரு கோழியைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடிந்துவிடும். கூட்டுக்குள் ஓட இடமில்லை. இறகடித்துக்கொண்டு கண்முன்னே துடிக்கிற ஒவ்வொன்றும் அந்த மிருகத்துக்குப் புதிதாக ஓர் இரை. அசைவு நிற்கும்வரை அது கடித்துக்கொண்டேயிருக்கும். மரநாய், கீரி, நாய், பூனை எல்லாமே இதைச் செய்யும்.

ஆளைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி மணல். கூட்டு வாசலிலும் அது வந்திருக்கக்கூடிய மதிலோரத்திலும் 2 அடிக்கு 2 அடி, ஓர் அங்குலக் கனத்தில் அரித்த மணலைப் பரப்பித் தண்ணீர் தெளித்துப் பலகையால் தட்டி மட்டமாக்குங்கள். மழை பெய்தால் தடம் கரைந்துவிடும், ஆகவே மேலே ஒரு தகரத்துண்டைச் சாய்த்து வையுங்கள். விடிந்ததும், கோழியைத் திறக்குமுன் பாருங்கள். நான்கு விரல், உருண்டைத் தடம், வீட்டுப் பூனையினதைவிடத் தெளிவாகப் பெரிது என்றால் மீன்பிடிப் பூனை. அதன் நகம் முழுக்க உறைக்குள் போகாது, அதனால் ஈர மணலில் சிலவேளை நுனி பதியும். நகம் தெரிகிறது என்பதற்காக நாய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாயின் தடம் நீளவாக்கில் இருக்கும், நகம் எப்போதும் பதியும். மரநாய்க்கு ஐந்து விரல். பக்கத்தில் பப்பாசி விதையோ கித்துள் கொட்டையோ கலந்த எச்சம் கிடந்தால் அதுவே போதிய சாட்சி. பகலில் கோழி போனால் கீரி. பகலில் முட்டையும் குஞ்சும் போனால் கபரகொய்யாவையும் சேர்த்துச் சந்தேகிக்கலாம். வலை கிழிந்து, வளவு முழுக்க இறகு பறந்து, ஒன்றையுமே தின்னாமல் போயிருந்தால் காட்டு மிருகத்தை விட்டுவிட்டுத் தெருநாயைத் தேடுங்கள். கொழும்பு வட்டாரத்தில் காட்டு மிருகத்தின் தலையில் விழுகிற பழியில் நாய்க்கும் நல்ல பங்கு உண்டு.

இப்போது தம்பியின் சண்டைக்கு வருவோம். வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்குள் இந்தச் சண்டை நூறு வருடத்துக்கும் பழையது. அல்டோ லியோபோல்ட் 1909இல் அரிசோனாவில் இளம் வன அதிகாரியாக இருந்தபோது, ஓநாய் குறைந்தால் மான் கூடும் என்று நம்பி ஓநாயைச் சுட்டவர். வேட்டை விலங்கு முகாமைத்துவத்துக்கு அமெரிக்காவில் முதல் பாடநூல் எழுதியவரும் அவர்தான். ஓநாய் இல்லாத மலையில் மான் பெருகிச் செடியெல்லாம் தின்று தீர்த்துப் பட்டினியில் சாவதைக் கண்டபிறகு, தான் நம்பியது பிழை என்று எழுதினார். வேட்டையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

கொன்றால் பலன் உண்டு என்கிற கட்சிக்குக் கையில் ஆதாரம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் 1984 முதல் 6 வருடம் இரண்டு நிலங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்றில் 3 வருடம் நரி, காகம் முதலியவற்றைக் குறைத்தார்கள், மற்றதைச் சும்மா விட்டார்கள். பிறகு மாற்றிச் செய்தார்கள். குறைத்த நிலத்தில் 3 வருடத்தில், குறைக்காததைவிடக் கவுதாரிச் சோடிகள் 2.6 மடங்கு நின்றன. தம்பி இதைச் சொல்லலாம். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: கவுதாரி அடைகாக்கும் காலம் பார்த்து, அதையே தொழிலாகச் செய்கிற ஆட்களை வைத்து, ஒவ்வொரு வருடமும். ஒரு வருடம் விட்டால் பக்கத்து நரி உள்ளே வந்துவிடும்.

அவன் இருக்கிற மாகாணத்திலேயே இன்னும் கசப்பான உதாரணம் இருக்கிறது. அல்பர்ட்டாவின் லிட்டில் ஸ்மோக்கி பகுதியில் கரிபூ மான்களைக் காக்க 2005 தொடங்கி ஹெலிகொப்டரில் இருந்து ஓநாய்களைச் சுட்டார்கள், ஸ்ட்ரிக்னைன் நஞ்சும் வைத்தார்கள். கரிபூ அழியாமல் நின்றது, பெருகவில்லை. எண்ணெய் தேடவும் மரம் தறிக்கவும் காட்டுக்குள் வெட்டிய நேர்பாதைகள் அப்படியே கிடந்தன. ஓநாய்க்கு அவை நெடுஞ்சாலை. அந்த நஞ்சு ஓநாயைத் தவிர வேறு பலவற்றையும் கொன்றது. துவக்கு பிடிக்கிறவர்களிலேயே பலருக்கு இது ஒவ்வவில்லை: காட்டை வெட்டியவன் ஒருவன், சாவது ஓநாயா என்பது அவர்கள் கேள்வி.

கயோட்டி விஷயம் வேறு. ஓநாயைவிடச் சிறிய, நம்மூர் நரிக்குப் பெரியண்ணன் போன்ற மிருகம் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுட்டும் நஞ்சு வைத்தும் அது குறையவில்லை. வட அமெரிக்கா முழுக்கப் பரவியதுதான் மிச்சம். கூட்டத்தில் மூத்த சோடி மட்டுமே குட்டி போடுவது வழக்கம். அந்தச் சோடியைச் சுட்டால் இளசுகள் குட்டி போடத் தொடங்கும், இரை மிஞ்சுவதால் குட்டிகளும் கூடப் பிழைக்கும். ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பழகிய ஒரு குறிப்பிட்ட கயோட்டியை, குட்டி ஈனும் பருவத்தில் அந்தப் பட்டியடியிலேயே சுட்டால் பலன் கிடைக்கலாம். கண்டதையெல்லாம் சுடுவது பொழுதுபோக்கு. அதற்கு முகாமைத்துவம் என்று பெயர் வைக்கக்கூடாது. அதிகம் கொன்றவனுக்குப் பரிசு தருகிற போட்டிகளை கலிபோர்னியா 2014இலும் வெர்மொன்ட் 2018இலும் தடைசெய்தன. அந்தத் தடையை ஆதரித்தவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு.

நண்பர் சொல்கிற 'தின்னாததைச் சுடாதே' அழகான கட்டுப்பாடு. ஆனால் அது முழு நியாயம் ஆகாது. விசர்நாயை யாரும் தின்பதில்லை, ஆனாலும் விட்டுவைக்க முடியாது. ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம் கேட்பது இதைவிடப் பொருத்தம் என்று நினைக்கிறோம்: முதுகெலும்புள்ள உயிரைக் கொல்ல நியாயமான காரணம் இருக்கவேண்டும். உணவு ஒரு காரணம், நோய் ஒரு காரணம், நட்டத்தைத் தடுப்பதும் காரணம் ஆகலாம். அதற்குக் கொலை உண்மையிலேயே நட்டத்தைத் தடுக்கவேண்டும், வேறு வழி இல்லாமலும் இருக்கவேண்டும். கோபம் இந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கணக்கில் உங்கள் வளவை வைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் சதுப்பு. கொழும்புக்கு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே இப்படிப்பட்ட சதுப்புகளால்தான். ஒரு பூனையையோ மரநாயையோ அகற்றினால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. அடுத்தது வந்து குடியேறும், அதே ஓட்டைக்குள்ளால் நுழையும். பெரியப்பாவின் இரண்டு நாள் உண்மையாகலாம், மூன்றாவது வாரம்தான் பிரச்சினை. கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். அனுமதியில்லாமல் செய்யக்கூடாது, விட்ட இடத்தில் ஏற்கனவே இருப்பவற்றோடு சண்டை போட்டுச் சாகும், அல்லது திரும்பி வரும். பிடிக்கும்போது கடிபட்டால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேட்கவேண்டிவரும்.

எஞ்சியிருப்பது கூடு. ருசி கண்ட மிருகம் திரும்பி வரும், ஆகவே கூடு திருத்தும்வரை மிச்சம் 8 கோழியையும் பெட்டியில் போட்டுக் கராஜுக்குள்ளோ பின் அறையிலோ இரவில் அடையுங்கள். செத்ததைச் சதுப்புப் பக்கம் எறியாதீர்கள். அது விருந்துக்கு அழைப்பு. கையுறை போட்டு 2 அடி ஆழத்தில் புதையுங்கள்.

உங்களிடம் இருப்பது அறுகோணக் கோழிவலையாக இருக்கும். அது கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான், உள்ளே வருவதைத் தடுக்க அல்ல. நாய் பல்லால் கிழிக்கும், உப்புக்காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடித்த இடத்தை மரநாயே பிரித்துவிடும். ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளை ஒட்டவைத்த வலை) கேளுங்கள். தரையிலிருந்து 3 அடிவரை கட்டாயம் அது வேண்டும். அதற்கு மேல் ஒரு அங்குலக் கண், தடித்த கம்பி போதும். பெரிய கண்ணை எங்குமே விடாதீர்கள், மிருகம் வெளியில் நின்று கையை விட்டுக் கோழியின் தலையைப் பிடித்து இழுக்கும். கோழி இரவில் ஏறி நிற்கிற தடியையும் வலையிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள். வலையைச் சட்டத்தில் பொருத்த ஸ்டேப்பிள் அடித்தால் ஒரு நாய் முட்டினாலே கழன்றுவிடும். 6 அங்குலத்துக்கு ஒன்றாக வாஷர் போட்ட ஸ்க்ரூ பூட்டுங்கள்.

தோண்டி வருவதைத் தடுக்க வலையை ஆழமாகப் புதைக்கச் சொல்வார்கள். உங்கள் பக்கத்தில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும், வலையும் துருப்பிடித்துவிடும். அதைவிட, 2 அடி அகல வலையைக் கூட்டின் அடியோடு இணைத்து வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மேலே 2 அங்குல மண்ணும் செங்கல்லும் போடுங்கள். தோண்டுகிற மிருகம் சுவரடியில்தான் நகத்தை வைக்கும். வலை தட்டுப்பட்டதும் இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

மரநாய் மேலால் வரும். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுக்கென்று விட்ட இடைவெளிதான் அதன் வாசல். காற்று வேண்டும், அதனால் பலகை அடிக்காமல் வலையால் மூடுங்கள். கூட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் கொய்யாக் கிளையை வெட்டுங்கள், விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள். இரவில் தீன் பாத்திரத்தை உள்ளே விடவேண்டாம். தீனுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் மற்றது வரும். கதவுக்குக் கொக்கி போதாது, முட்டி ஆட்டினால் எழும்பிவிடும். தள்ளுதாழ்ப்பாள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. கதவுக்கடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு மரச்சட்டம் அடியுங்கள். இரவில் மட்டும் அடைக்கிற கூடு என்றால் ஒரு கோழிக்கு 2 சதுர அடி. 7க்கு 4 அடிக் கூடு உங்கள் பழைய 14க்கும் தாங்கும்.

இவ்வளவு செய்தும் தவறுகிற இடம் ஒன்று உண்டு: கதவை மூட மறப்பது. கொழும்பில் சூரியன் வருடம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது. மழை இருட்டில் 5.45க்கே கோழி அடைந்துவிடும், நீங்கள் ட்ரபிக்கில் நிற்பீர்கள். இந்த வேலையை மகளிடம் ஒப்படையுங்கள், எண்ணிப் பார்த்து மூடட்டும். யாரையும் கொல்லவில்லை என்று தெரிந்தால் முட்டைக்கும் திரும்பி வரக்கூடும், வராவிட்டால் வற்புறுத்தவேண்டாம்.

எப்போதாவது மிருகம் கூட்டுக்குள் அகப்பட்டு நிற்கக் கண்டால் தடியோடு போகாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குள் வாருங்கள், போய்விடும். காயப்பட்டுக் கிடந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள்.

பெரியப்பா கோபித்துக்கொண்டு பஸ் ஏறுமுன் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். சுருக்கு வைக்கத் தெரிந்தவருக்கு மிருகம் எந்த வழியால் வரும் என்று நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். விடியற்காலையில் மதிலைச் சுற்றி நடந்து, மணல் தடத்தையும் பார்த்து, அது நுழைகிற ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் மெஷ் துண்டை அங்கே அடியுங்கள்.