'நோ குரோத்' என்று வந்த பிறகும் எரிவு ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, நீரிழிவும் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது எரிவதால் யூரின் கல்ச்சர் செய்தோம். அறிக்கையில் 'நோ குரோத்' என்று இருக்கிறது. மாமாவின் எண்டோஸ்கொபி அறிக்கையில் 'குரோத்' என்று எழுதியிருந்தார்கள். அது புற்றுநோயாக முடிந்தது. அப்படியானால் அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை என்பதா பொருள்? எரிவோ குறையவில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கல்ச்சர் அறிக்கை புற்றுநோயைப் பற்றி எதுவுமே சொல்லாது. சிறுநீரில் சிறிதளவை ஊட்டப்பொருள் உள்ள தட்டில் தடவி, உடல் வெப்பத்தில் ஓர் இரவு வைப்பார்கள். கிருமி இருந்தால் பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதுவே இங்கு 'குரோத்'. மாமாவுக்கு எழுதப்பட்டது, மருத்துவர் கமராவில் கண்ட கட்டி. அதுகூட நோயின் பெயரன்று. புற்றுநோயா என்பதை, கட்டியில் சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயொப்ஸிதான் தீர்மானிக்கும்.

இனி எரிவுக்கு வருவோம். மாதிரி கொடுக்கும் முன்பே அம்மா அன்டிபயோட்டிக் குடித்தாரா? பார்மசியில் கேட்டு வாங்கிய இரண்டு மாத்திரைகள்கூடக் கிருமியை முளைக்கவிடாமல் செய்துவிடும். அப்படிக் குடித்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும். குடிக்கவில்லை என்றால் யூ.எஃப்.ஆர் (சிறுநீர் முழுப் பரிசோதனை) அறிக்கையில் சீழ் அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை கூடியும் கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால் சிறுநீர்க்கல்லையும், சாதாரணக் கல்ச்சரில் வளராத காசநோய்க் கிருமியையும் மருத்துவர் நினைத்துப் பார்ப்பார். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறட்சியாலும் எரியும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் வீணாக மாத்திரை விழுங்குகிறார்கள்.

மறுபடி கல்ச்சர் செய்யச் சொன்னால், கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதை ஆய்வுகூடம் தரும் போத்தலில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொழும்பு காலி வீதி நெரிசலில் வெயிலில் கிடந்த மாதிரியில் இரண்டொரு கிருமியும் இலட்சமாகப் பெருகிவிடும். தாமதமாகும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 'மிக்ஸ்ட் குரோத்' என்று வந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கிருமிகள் கலந்திருக்கின்றன என்றே பொருள். புதிதாக மாதிரி கொடுக்க நேரலாம்.

காய்ச்சல், நடுக்கம், விலாப் பக்க வலி, வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் அறிக்கை எதையும் பார்த்துக்கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவுக்காரருக்குத் தொற்று சிறுநீரகம்வரை ஏறினால் நிலைமை விரைவில் மோசமாகும்.