உருளையின் கனவளவு: கிணற்றடியிலிருந்தும் கொம்பறையிலிருந்தும் வந்த கேள்விகள்

கிளிநொச்சியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் நான். உருளையின் கனவளவைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாணவர்களோடு கமக்காரர்களும் கேட்டிருப்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

சேர், சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறேன், சோதனையில் மறந்துவிடுகிறது. (புதுக்குடியிருப்பு, தரம் 10)

மனப்பாடத்தை விடுங்கள் பிள்ளை. ஐந்து ரூபாய்க் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அந்த அடுக்கு ஓர் உருளை. அடியில் இருக்கும் வட்டமே உச்சி வரை மாறாமல் போகிறது. ஆகவே அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் கனவளவு கிடைத்துவிடும். அடுக்கைக் கொஞ்சம் சரித்தும் பாருங்கள். குற்றி கூடவுமில்லை, குறையவுமில்லை. கனவளவும் அப்படியே இருக்கிறது.

இனி அந்த வட்டத்தின் பரப்பளவு. வட்டமான தாள் ஒன்றை 16 ஆரைச்சிறைகளாக (மையத்தில் கூர் வரும் சம துண்டுகளாக) வெட்டி, கூர் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அருகருகே வையுங்கள். ஏறத்தாழ ஒரு செவ்வகம் வரும். அதன் அகலம் ஆரை. நீளம் பரிதியின் (வட்டத்தின் சுற்றளவின்) பாதி, அதாவது பை × ஆரை; பை என்பது 22/7 அல்லது 3.14 என்று நாம் எடுத்துக்கொள்ளும் எண். இரண்டையும் பெருக்கும்போது ஆரை இரண்டு தடவை வந்துவிடுகிறது. ஆகவே கனவளவு = பை × ஆரை × ஆரை × உயரம். இதை ஒருமுறை கையால் செய்தவர்களுக்குச் சூத்திரம் மறப்பதில்லை; என் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஐயா, எங்கள் கிணறு 12 அடி அகலம், தண்ணீர் 7 அடி நிற்கிறது. கணக்குப் பார்த்தால் 3,168 கன அடி வருகிறது. நம்ப முடியவில்லை. (மல்லாவி)

நம்பாதது நல்லது. 12 அடி என்பது விட்டம். நீங்கள் அதையே ஆரையாகப் போட்டுவிட்டீர்கள். விட்டம் ஆரையின் இரு மடங்கு. அதை இரண்டு தடவை பெருக்குவதால் விடை நான்கு மடங்காகிவிட்டது. ஆரை 6 அடி. 22/7 × 6 × 6 × 7 = 792 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லீற்றர், ஆகவே உங்கள் கிணற்றில் சுமார் 22,400 லீற்றர் இருக்கிறது. நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைக்கும் பம்பி என்றால், ஊற்றுச் சுரப்பதைச் சேர்க்காமல் 56 நிமிடங்களில் வற்றிவிடும்.

அளக்கும்போது கட்டின் உட்பக்கத்தில் கயிறு பிடியுங்கள். வெள்ளத்துக்குப் பின் குளோரின் இட வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இந்தக் கனவளவுதான் தேவை.

அப்பப்பா கட்டிய கொம்பறை (நெல் சேமிக்கும் வட்டமான மண் கூடு) ஒன்று வீட்டில் இருக்கிறது. சுற்றி அளந்தால் 22 அடி. நெல் 4 அடி உயரத்துக்கு நிற்கிறது. எத்தனை புசல்? (நெடுங்கேணி)

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. இன்னும் கொம்பறை வைத்திருக்கும் வீடு!

சுற்றளவு 22 அடி என்றால் அதை 22/7 ஆல் வகுக்க, விட்டம் 7 அடி. அப்படியே கணக்கிட்டால் 154 கன அடி, அதாவது 120 புசல் அளவு வரும். ஆனால் நீங்கள் அளந்தது மண்சுவருக்கு வெளியே. சுவர் 3 அங்குலத் தடிப்பு என்று வைத்தால் இரு பக்கமுமாக அரை அடி குறையும், உள்விட்டம் 6.5 அடி, ஆரை 3.25 அடி. இப்போது 132.8 கன அடிதான். லீற்றரில் சுமார் 3,760. ஒரு புசல் 36.4 லீற்றர் என்பதால் 103 புசல். மூன்று அங்குலச் சுவர் 17 புசலை விழுங்கிவிட்டது! விற்பதற்கு முன் சுவரின் தடிப்பைச் சரியாக அளந்து கொள்ளுங்கள். நெல்லின் மேற்பரப்பையும் மட்டமாக்கிவிட்டு உயரம் பாருங்கள். குவியலாக நின்றால் அந்தப் பகுதி உருளையன்று.

22/7 ஆ, 3.14 ஆ? (மாங்குளம்)

வினாத்தாள் சொல்வதை. சொல்லாவிட்டால், ஆரை 7 இன் மடங்காக இருக்கும்போது 22/7 சுலபம். உண்மைப் பெறுமானத்துக்கு 22/7 தான் சற்று நெருக்கமும்கூட.

உருளை வடிவத் தண்ணீர் பவுசர் (தாங்கி வண்டி) படுத்த நிலையில் இருக்கிறது. கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கால்வாசித் தண்ணீரா? (ஒட்டுசுட்டான்)

இல்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, 19.6 சதவீதம். அடிப்பக்கம் ஒடுங்கி வளைந்திருப்பதே காரணம். அரைவாசி உயரத்தில் மட்டும் அரைவாசி சரியாக இருக்கும். வரட்சிக் காலத்தில் தண்ணீரைப் பங்கிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

44 சென்ரிமீற்றர் நீளம், 22 சென்ரிமீற்றர் அகலமுள்ள தகட்டை எப்படிச் சுருட்டினாலும் ஒரே அளவு கொள்ளும் என்கிறான் நண்பன். சரியா? (முள்ளியவளை)

தகடு ஒன்றுதான், கொள்ளளவு ஒன்றல்ல. 44 ஐப் பரிதியாக்கினால் ஆரை 7, உயரம் 22. கனவளவு 3,388 கன சென்ரிமீற்றர். 22 ஐப் பரிதியாக்கினால் ஆரை 3.5, உயரம் 44, 1,694 மட்டுமே. உயரம் இரட்டித்தும் ஆரை பாதியானதால் கனவளவு பாதியாகிவிட்டது. நண்பனை அழைத்துக் கடதாசியில் இரண்டையும் சுருட்டி, நெல்லால் நிரப்பிப் பாருங்கள்.