மூக்குத் தண்டு வளைவு: கிளிப் வாங்குவதா, ஆபரேஷனுக்குப் போவதா?

கேள்வி: பல வருடங்களாக எனக்கு இடது பக்க மூக்கு அடைத்தே இருக்கிறது. மூக்குத் தண்டு வளைந்திருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் மூக்குக்குள் மாட்டும் கிளிப், மேலே ஒட்டும் பட்டை, 'ஆபரேஷன் இல்லாமல் தண்டை நேராக்கும்' கருவி என்று விளம்பரங்கள் துரத்துகின்றன. எதை வாங்கலாம்?

பதில்: கடைசியாகச் சொன்னதை வாங்கவே வாங்காதீர்கள். மூக்குத் தண்டு என்பது இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் நிற்கும் சுவர்; அது முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. வளர்ந்த ஒருவருக்கு இரவில் ஒரு கிளிப்பை மாட்டி அதை நிமிர்த்த முடியாது. மாத்திரையாலும் மூச்சுப் பயிற்சியாலும்கூட முடியாது.

அதற்காக ஸ்கேனில் 'வளைவு' என்று வந்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதும் இல்லை. அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி நேரான தண்டு உள்ளவர்கள்தான் அபூர்வம். பிறவியிலேயோ, வளரும்போதோ, எப்போதோ பந்து பட்டோ கொஞ்சம் வளைந்திருக்கும். பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் மூக்கை அடைப்பது தண்டா, வீங்கிய சதையா, இரண்டும் சேர்ந்தா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

மூக்கின் பக்கச் சுவர்களில் இருக்கும் சதை மடிப்புகள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி வீங்கி வடிவது இயல்பு. அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் சதையைச் சந்தேகிக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் என்றால் தண்டுக்கு வாய்ப்பு அதிகம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: தண்டு இடதுபக்கம் சாய்ந்தால் வலதுபக்கம் இடம் கூடுகிறது, அங்கே சதை பெருத்து அதையும் அடைத்துவிடுகிறது. 'நல்ல பக்கம்தான் அடைக்கிறது' என்று சிலர் சொல்வது இதனால்தான்.

பட்டையும் கிளிப்பும் மூக்கின் முன்பகுதியை விரித்துப் பிடிக்கும், அவ்வளவுதான். கன்னத்தை மெல்லப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். மூச்சு சட்டென்று எளிதானால் பட்டை உங்களுக்கு உதவலாம். மாட்டியிருக்கும் வரைதான் பலன் என்பதால், முதலில் சிறிய பாக்கெட் போதும்.

கேள்வி: மருந்துக்கடையில் ஒரு ஸ்பிரே கொடுத்தார்கள். அடித்த ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறந்துவிடுகிறது. தினமும் அடிக்கலாமா?

பதில்: பாட்டிலைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி அடிக்கத் தோன்றும். கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பார், உங்களுக்கு அடைப்பும் நிரந்தரமாகும்.

புளுட்டிகாசோன், மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். உடனே திறக்காது. தினமும் தவறாமல் அடித்துச் சில வாரங்கள் கழித்துத்தான் அதை எடைபோட வேண்டும். நான்கு நாளில் 'வேலை செய்யவில்லை' என்று தூக்கிப்போடுவது காசைத் தூக்கிப்போடுவதுதான். இடது துவாரத்துக்கு வலது கையால், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கம் பார்த்து அடித்தால் ரத்தக் கசிவு குறையும். சதை வீக்கத்துக்குத்தான் இது. தண்டை இது தொடாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மலிவானது, நல்லதும்கூட. ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்; மிக அபூர்வமாக என்றாலும் உயிரைப் பறிக்கும் அமீபா அதன் வழியே மூளைக்குப் போகலாம். கொதிக்கவைத்து ஆறியது, இல்லையென்றால் காய்ச்சி வடித்த நீர்.

கேள்வி: ஸ்பிரேயில் பலன் இல்லை, செப்டோபிளாஸ்டி (தண்டை நேராக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார்கள். சொல்லும் தொகைக்கு ஈடாகுமா?

பதில்: மருந்தை ஒழுங்காகப் போட்டும் அடைப்பு தூக்கத்தையோ வேலையையோ கெடுக்கிறது என்றால், பலருக்கு ஈடாகும். நெதர்லாந்தில் 203 பேரிடம் செய்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆபரேஷன் இல்லாமல் சமாளித்தவர்களைவிட நன்றாக மூச்சுவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று எந்த மருத்துவரும் உறுதி கொடுக்க மாட்டார். கொடுத்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

வெட்டு மூக்குக்குள்ளேயே என்பதால் முகத்தில் தழும்பு வராது. அதிகம் போனால் மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். தண்டைத் தாங்கிப் பிடிக்க உள்ளே தகடு வைத்தால் அது ஒரு வாரம் போல இருக்கும். ரத்தக் கசிவு, முன்பற்களில் மரப்பு, அபூர்வமாகத் தண்டில் ஓட்டை இவையும் நடப்பதுண்டு.

தொகையைக் கேட்கும்போது அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். சதையைக் குறைப்பதும் சேர்த்தா? மயக்க மருந்து நிபுணருக்குத் தனியா? தகடு எடுப்பதும் பிந்தைய பரிசோதனைகளும் உள்ளடக்கமா? 'சதையைத் தனியாகச் சேர்த்தோம்' என்ற வரி பில்லில் முளைப்பது இந்தக் கேள்விகளைக் கேட்காதவர்களுக்குத்தான். காப்பீடு இருந்தால், இது மூச்சுக்கான சிகிச்சை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி முன் அனுமதிக்கு அனுப்புங்கள். மூக்கின் வெளி வடிவத்தை மாற்றுவது வேறு ஆபரேஷன். அதைச் சேர்த்தால் அழகுக்கான செலவு என்று நிறுவனம் கையை விரிக்கலாம்.

கேள்வி: ஆபரேஷன் செய்தால் குறட்டையும் போய்விடுமா?

பதில்: அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். குறட்டை பெரும்பாலும் தொண்டைப் பக்கம் பிறக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.