துருவின் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2007-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தவற்றைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதுகிறேன். கூடைப்பந்து வீரர் கெவின் கார்னெட் பாஸ்டன் அணிக்குப் போனது, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சன் ஒரே ஆட்டத்தில் பந்தோடு 296 யார்டு ஓடியது, ஆகஸ்ட் வெள்ளம், மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் மிசிசிப்பியில் விழுந்தது எல்லாம் வருகின்றன. 13 பேர் இறந்த செய்திக்குப் பக்கத்தில் விளையாட்டை வைக்கலாமா? பாலத்தைப் பற்றி, "நாற்பது ஆண்டுத் துருவும் அலட்சியமும் சாய்த்த பாலம், யாரும் ஏறிப் பார்க்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.
ர.

அன்புள்ள ர.,

இறந்தவர்களுக்காக இவ்வளவு யோசிக்கிறீர்களே, அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடைசி வரியை உடனே அடித்துவிடுங்கள். ஒரு பாலம் விழுந்தால் துரு என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில நாட்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்களும் அதையே செய்கிறீர்கள்.

ஏறிப் பார்த்தார்கள். 1993 முதல் ஆண்டுதோறும் பார்த்தார்கள். அவர்கள் தேடியது விரிசலை. கோளாறு இருந்ததோ யு10 என்ற முனையில். இது டிரஸ் பாலம், அதாவது எஃகு உத்தரங்களை முக்கோணங்களாக இணைத்துக் கட்டியது. அதில் உத்தரங்கள் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் எஃகுத் தகடு வைத்து ரிவெட் அடிப்பார்கள். கஸ்ஸெட் தகடு என்பது அதுதான். யு10-இல் அதன் தடிமன் அரை அங்குலம். ஒரு அங்குலம் இருந்திருக்க வேண்டும். 1967-இல் பாலம் திறப்பதற்கு முன்பே, வரைபடத்திலேயே நேர்ந்த பிழை இது.

துருவைச் சுரண்டிப் பார்க்கலாம், விரிசலை விளக்கடித்துத் தேடலாம். தகடு போதுமா என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். அந்தக் கணக்கைப் பிறகு யாரும் போடவில்லை. பாரம் தாங்குமா என்று மதிப்பிட்டபோதெல்லாம் உத்தரங்களுக்கு மட்டும் போட்டார்கள்; இணைப்புத் தகடு உத்தரத்தைவிட வலுவாகத்தான் இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. இதற்கிடையே 1977-இல் தளத்தின் மேல் 2 அங்குலக் கான்கிரீட் ஏறியது. 1998-இல் தடுப்புச் சுவர்கள் ஏறின. எல்லாச் சுமையும் அந்த அரை அங்குலத்துக்கே போய்ச் சேர்ந்தது.

2003-இல் எடுத்த படங்களில் யு10 தகட்டின் விளிம்பு பிதுங்கி வளைந்திருப்பது தெரிகிறது. அளவுகோல்போல நேராக இருக்க வேண்டிய விளிம்பு அது. பார்த்தவர் கட்டும்போதே அப்படி ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கண் பார்த்தும் கணக்கு இல்லாததால் பயனில்லாமல் போயிற்று.

2007 ஆகஸ்ட் 1 அன்று மேல்தளப் பணிக்காக எட்டுத் தடங்களில் நான்கை மூடியிருந்தார்கள். கான்கிரீட்டை அங்கேயே கலந்து சீக்கிரம் போட வேண்டும் என்பதால் மணல், ஜல்லி, தண்ணீர் லாரி, கருவிகள் என ஏறத்தாழ 260 டன் அந்த முனைக்கு அருகில் குவிந்தது. மாலை 6:05-க்குத் தகடு கிழிந்தது. ஒரு முனை போனால் சுமையை ஏற்க வேறு வழி இல்லாத அமைப்பு. நடுப்பகுதி முழுவதும் ஆற்றில் இறங்கியது. காயமடைந்தவர்கள் 145 பேர்.

எல்11 என்ற முனையில் துரு இருந்தது உண்மை. ஆனால் உடைவு அங்கே தொடங்கவில்லை. 2008 நவம்பரில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று. துரு என்று எழுதினால் வாசகர் பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைப்பார். அதே பிழையோடு நேற்றுக் கட்டிய பாலமும் விழும். 2008 ஜனவரியில் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம், பாரக் கணக்கில் கஸ்ஸெட் தகடுகளையும் சேர்க்கச் சொன்னதை மறக்காமல் எழுதுங்கள்.

வெள்ளத்துக்கு ஒரு பத்தி போதும்: ஹோக்கா என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 15.10 அங்குல மழை, மாநிலச் சாதனை.

விளையாட்டைத் தாராளமாக வையுங்கள், தேதி வரிசையில். கார்னெட் மாற்றம் ஜூலை 31, மறுநாள்தான் பாலம். அன்றிரவு ட்வின்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து மீட்பு வண்டிகளை மறித்துவிடும் என்று நடத்தினார்கள். அடுத்த நாள் ஆட்டத்தையும் புதிய அரங்கின் அடிக்கல் விழாவையும் ஒத்திவைத்தார்கள். பீட்டர்சன் நவம்பர் 4, சான் டியேகோவுக்கு எதிராக.